என் பெயரில் ஒரு டைனோசர் குஞ்சு

தம்பி,

நீ சுகமாக இருப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால் அதைக் கேட்டு நேரத்தை வீணாக்க மாட்டேன். தப்புக் காரியம் ஒன்றுக்குத் திட்டம் போடுகிறவன் நன்றாகச் சாப்பிடுவான், நன்றாகத் தூங்குவான், முகத்திலே ஒரு பளபளப்பும் இருக்கும். புதுக்கடைக் கோட்டில் சட்டத்தரணியாக வாழ்நாளில் பாதியை இப்படிப்பட்டவர்களோடு கழித்தவள் நான். தூக்கம் கெடுவதெல்லாம் பிறகுதான். உனக்கு அது இன்னும் தொடங்கவில்லை என்பது போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய குரல் செய்தியிலேயே தெரிந்தது. காரோட்டிக்கொண்டே பேசியிருக்கிறாய். இடையிலே சிக்னல் டிக் டிக் என்று அடிக்கிறது. ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கையைக் கவிழ்க்க அம்மாவிடம் வழி கேட்கிறவன், வலது பக்கம் திரும்புவதற்கு மட்டும் ஒழுங்காகச் சிக்னல் போடுகிறான். நல்ல வளர்ப்பு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இது உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் உறையில் போட்டு ஒட்டவில்லை. இங்கே வெளிவரும் சஞ்சிகை ஒன்றுக்குக் கொடுக்கிறேன். உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. வெள்ளவத்தையில் யார் என்று கண்டுபிடிக்க ஒரு தேநீர் குடிக்கிற நேரம் போதும், அது வேறு கதை. நீ பயப்படாதே. உன் மாணவி லூசியாவுக்குத் தமிழ் தெரியாது. உன் பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கும் தெரியாது. உன் வேலைக்கு இதனால் ஒரு கீறல் விழாது. வெள்ளவத்தையில், கொட்டாஞ்சேனையில், நீ இருக்கிற கனடாவில் உள்ள நம்முடைய ஆட்கள்தான் வாசிப்பார்கள். நீ உலகத்திலே வெட்கப்படுவது அவர்களுக்கு முன்னால் மட்டும்தான் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் அவர்களைக் கூப்பிட்டு முன்வரிசையில் இருத்தியிருக்கிறேன்.

அவர்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன். கோட்டிலும் அப்படித்தான், குற்றம் சாட்டப்பட்ட எதிரியை நிற்கவைத்து அவன் செய்ததையே அவனுக்கு வாசித்துக் காட்டுவார்கள். நீ கனடாவில் பேராசிரியர் வேலைக்குக் காத்திருக்கும் விரிவுரையாளன். டைனோசர் எலும்பு ஆராய்கிறாய். யானையை விடப் பெரியது என்று சினிமாவில் காட்டுகிற சாதி இல்லை உன்னுடையது. பறவைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி, இரண்டு காலில் ஓடுகிற, இறைச்சி தின்னுகிற, சின்னச் சாமான். பெரிய கண், உடம்புக்கு மிஞ்சின மூளை, காலில் மடித்து வைத்த அரிவாள் நகம். அந்தக் கூட்டத்தில் ஒன்றின் தாடையையும் மண்டையோட்டின் பின்பக்கத்தையும் ஒரு கால் எலும்பையும் நீ ஒரு வறண்ட பள்ளத்தாக்கில் தோண்டி எடுத்தாய். கோழியை விடச் சற்றுப் பெரியது, ஆனால் முழுதாக வளர்ந்தது, இதுவரை யாரும் காணாத தனி இனம் என்று எழுதினாய். அதற்குப் பெயர் வைத்தாய். வைத்த பெயர் என்னுடையது. வாலிலே ஒரு லத்தீன் எழுத்து ஒட்டி, உன்னைப் பெற்றவளின் பெயரை உலகத்துக்கு அறிவித்தாய்.

அதற்கு இங்கே விழா எடுத்தார்கள். மறந்திருக்க மாட்டாய். நீ லீவில் வந்திருந்தாய். உன் பழைய பாடசாலைக்காரர்கள் மண்டபம் எடுத்து, மேடையில் குத்துவிளக்கு ஏற்றி, உனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நீ கொண்டுவந்த மண்டையோட்டு அச்சை, சுண்ணாம்பில் வார்த்ததை, பட்டுத் துணி விரித்த மேசையில் வைத்திருந்தார்கள். என் தம்பி, உன் மாமாதான், ஆர்வக்கோளாறு பிடித்த மனுஷன், மேடையேறி அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தான். பிறகு கையில் மிஞ்சியிருந்த மல்லிகை மாலையையும் எடுத்துச் சுற்றிவிட்டான். சபை கை தட்டியது. பக்கத்திலிருந்த உன் மாமிக்கு முகம் வெளுத்துப்போய்விட்டது. "ஐயோ மச்சாள், உயிரோட இருக்கிற ஆளின்ர பேருக்கு மாலை போட்டுப் பொட்டும் வைச்சிட்டினமே! இது கூடாது மச்சாள், எழும்பிப் போய்க் கழட்டச் சொல்லுங்கோ" என்று என் கையைப் பிடித்தாள். "விடும், செத்தாப் பிறகு போடுற மாலை எனக்குத் தெரியவா போகுது? இப்பவே பாத்திட்டுப் போறன்" என்று சொன்னேன். முன்வரிசை முழுக்கச் சிரித்தது.

அன்றைக்கு நீ ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னாய்: "இந்த மிருகம் சின்ன ஆகிருதி, பெரிய கண், பல்லுக் கூர், ஆரிட்டையும் விட்டுக்குடாது. எங்கட வீட்டில அப்பிடி ஒராள் இருக்கிறா. அதுதான் அந்தப் பேர்." மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. எனக்கு எதிராக வழக்குத் தோற்ற இரண்டு சட்டத்தரணிகள் பின்வரிசையில் இருந்தார்கள், அவர்கள்தான் கூடுதலாகச் சிரித்தார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உன்னைப் பெற்றபோது இல்லாத சந்தோஷம். அந்த அச்சை வீட்டுக்குக் கொண்டுவந்து டீவிக்குப் பக்கத்தில், உன் அப்பாவின் படத்துக்கு அருகில் வைத்தேன். கீழே ரயில் போகும்போது கண்ணாடிகளோடு சேர்ந்து அதுவும் மெல்லமாக ஆடும். காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது அதனோடுதான் கதைப்பேன். ஆகவே, நீ பறிகொடுக்கப் போவது எனக்கு ஒன்றுமில்லாத சாமான் என்று நினைத்துவிடாதே.

இப்போது லூசியாவுக்கு வருவோம். பெருவிலிருந்து புலமைப்பரிசில் எடுத்து வந்த பிள்ளை. அப்பா பஸ் ஓட்டுகிறார் என்று நீயே ஒருமுறை சொன்னாய். உன் அந்தக் கால் எலும்பிலிருந்து ஒரு துண்டு வெட்டவேண்டும் என்று உன்னைக் கேட்டாள். மெல்லியதாக வெட்டி, வெளிச்சம் ஊடுருவும் வரைக்கும் தேய்த்து, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால், மரத்தில் வளையம் இருக்கிற மாதிரி எலும்பிலும் வளர்ச்சிக் கோடுகள் தெரியுமாம். முழுதாக வளர்ந்த மிருகத்தில் வெளிவிளிம்பில் கோடுகள் நெருக்கமாக அடைத்துக்கொண்டு இருக்குமாம், இனி வளர்ச்சி இல்லை என்று பூட்டுப் போட்ட மாதிரி. இதெல்லாம் நீ எனக்குச் சொல்லித் தந்த பாடம்தான். நீ அவளுக்கு "ஏலாது" என்று சொன்னாய். பெயர் தாங்கிய மூல எலும்பு, அதில் கத்தி படக்கூடாது என்றாய். அருங்காட்சியகம் ஓம், வெட்டலாம் என்றது. அவள் வெட்டினாள். பூட்டும் இல்லை, கோடும் இல்லை. வெளிவிளிம்பு வரைக்கும் ஓடி ஓடி வளர்ந்துகொண்டிருந்த எலும்பு அது. அது ஒரு குஞ்சு. அதே கூட்டத்தில், அதே பள்ளத்தாக்கில், வேறொருவர் எப்போதோ பெயர் வைத்துவிட்ட பெரிய மிருகத்தின் குஞ்சு.

காணி வழக்குப் பேசியவளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரே காணிக்கு இரண்டு உறுதிப் பத்திரம் இருந்தால் முந்திப் பதிந்த உறுதிதான் நிற்கும். உங்கள் துறையிலும் அதுதான் சட்டம். ஒரே மிருகத்துக்கு இரண்டு பெயர் என்றால் முதலில் வைத்த பெயர் நிற்கும், பிந்தி வைத்தது விழும். விழுந்த பெயரை ஒரு பட்டியலில் பொடி எழுத்தில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். என் பெயர் விழப்போகிறது. இவ்வளவுதான் நடந்தது. யாரும் சாகவில்லை, சாகவேண்டியது செத்துக் கோடிக்கணக்கான வருடம் ஆகிவிட்டது.

ஆனால் நீ என்ன செய்தாய்? என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாய், பிறகு அதையே குரல் செய்தியிலும் திருப்பிச் சொன்னாய். நாம் தொலைபேசியில் கதைத்ததை ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்வேன், நீயும் சபையிலே மறுக்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

"அம்மா, ஒரு வருஷம்தான் கேக்கிறன். புரமோஷன் முடிவு வந்திடும். மியூசியத்தில வாசலிலேயே அதின்ர உருவம் வைக்கப் போகினம், உங்கட பேரோட. அது திறக்குமட்டும் அவளின்ர ஆய்வு வெளியில வரக்கூடாது."

"அவளின்ர விசா?"

"அது முடியுது போல."

"முடிஞ்சா?"

"ஊருக்குப் போய் இருந்து எழுதலாம்தானே. சின்னப் பிள்ளை, அவளுக்கென்ன அவசரம்?"

"நீ என்ன எழுதப் போறாய்?"

"அதைத்தான் அம்மா கேக்கிறன். நான் பொய் சொல்லேல்லை. இன்னும் ரெண்டு எலும்பு வேற மியூசியத்தில இருந்து எடுத்து வெட்டிப் பாக்கவேணும், ஒண்டு மட்டும் காணாது எண்டு எழுதலாம். அந்த அனுமதி வர ஒரு வருஷம் போகும். சொல் மட்டும் சரியா விழவேணும். வழக்கைத் தள்ளிப்போடத் தவணை எடுக்கிறதில உங்களை விட்டா ஆள் இருக்கே? காணி வழக்கொண்டை பிள்ளையள் பேரப்பிள்ளையள் மட்டும் இழுத்தனீங்கள்தானே?"

ஓம், இழுத்தேன். அதற்காக நான் ஒருநாளும் தலைகுனியவில்லை, இப்போதும் குனியமாட்டேன். நான் தவணை கேட்டு எழும்பினால் எதிர்ப்பக்கத்தில் கறுப்புக் கோட் போட்ட ஒருவர் "ஆட்சேபிக்கிறேன்" என்று சொல்ல எழும்புவார். மேலே ஒரு நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னை முறைப்பார். எதிராளிக்கும் வாய் இருந்தது, ஆள் இருந்தது. லூசியாவுக்கு யார் எழும்புவார்? அவளுடைய சட்டத்தரணியும் நீதான், நீதிபதியும் நீதான், எதிராளியும் நீதான். இந்தக் கேவலத்துக்கு என் தொழிலின் பெயரை வைக்காதே. வாயில்லாத பிள்ளையின் கழுத்தைப் பிடித்து நெரிப்பதற்குத் தவணை என்று பெயரில்லை.

அதையெல்லாம் விட எனக்கு வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. நீ படிக்கப் போன புதிதில், தொலைபேசி அட்டை வாங்கிச் சுரண்டிக் கதைத்த காலத்தில், உன் துறைக்காரர்களின் கதை ஒன்றைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாய். உன்னுடைய கூட்டத்துக்கே பெயர் தந்த மிருகம், ட்ரூடன். அதற்குப் பெயர் வைத்தது ஒரேயொரு பல்லைப் பார்த்து. முதலில் பல்லி என்றார்கள். பிறகு தடித்த மண்டைத் தாவர பட்சிணி ஒன்றோடு கட்டி வைத்தார்கள். பிறகு இல்லை, இறைச்சி தின்னி என்றார்கள். பிறகு கை, கால், மண்டையோடு என்று கிடைத்ததையெல்லாம் அந்தப் பல்லின் பெயரிலேயே சேர்த்துக் குவித்தார்கள். கடைசியில், ஒரு பல்லை வைத்து இன்னது என்று சொல்ல ஏலாது, அந்தப் பெயரையே நம்ப முடியாது என்று பலர் கைவிரித்தார்கள். "ஒரு பல்லுக்காகத் தலைமுறை தலைமுறையா அடிபட்டிருக்கினம் அம்மா, விசர் ஆக்கள்! எலும்பைக் காதலிக்கேல்லை, தாங்கள் வைச்ச பேரைக் காதலிச்சிருக்கினம்" என்று சொன்னாய். உன் அப்பா மற்றத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்து, "பிள்ளை கெட்டிக்காரன்" என்றார். அந்தக் கெட்டிக்காரன் எங்கே போனான் என்று நான் உன்னிடம்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

மீன் கடையையும் ஞாபகப்படுத்தட்டுமா? உன் சொந்த ஆய்வு முடிந்து கிடந்தது. உன்னை மேய்த்த பேராசிரியர் கையெழுத்து வைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பார், இன்னும் கொஞ்சம் அள என்று திருப்பித் திருப்பி அனுப்பினார், ஏனென்றால் நீ எழுதியது அவருடைய பழைய கட்டுரையைப் பிழை என்று காட்டியது. புலமைப்பரிசில் நின்றுபோனது. நம்முடைய ஆட்களின் கடையொன்றின் பின்பக்கத்தில் நின்று மீன் வெட்டினாய். அறுக்குளா வெட்டி வெட்டி உன் விரல் நாறுகிறது என்று, சோற்றைக் கையால் அள்ளிச் சாப்பிட அருவருக்கிறது என்று அழுதாய். "அந்தாள் செத்தால் நான் பால்சோறு பொங்கிக் கொண்டாடுவன்" என்று சொன்னாய். நான் உன்னைத் தேற்றவில்லை. "அழுதது காணும், கத்தியைத் தீட்டு" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். அன்றைக்கு உன்னை மீன் வெட்டவைத்தவரின் கதிரையில் இன்றைக்கு நீ இருக்கிறாய். சூடு ஆறியிருக்காது. லூசியாவின் வீட்டில் யாராவது உனக்காகப் பால்சோறு பொங்கப் பானை கழுவிவைத்திருப்பார்கள்.

நீ இந்த இடத்தில் என்னைத் திட்டுவாய், "அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே என்னில் இரக்கமில்லை" என்று. மருமகள் எனக்குச் சொல்லியிருக்கிறாள், அந்தக் கோழிக் கதையை நீ இன்னமும் காவிக்கொண்டு திரிகிறாயாம். காவிக்கொண்டே திரி. உனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கறியின் எலும்புகளைக் கழுவிக் காயவைத்துப் பசைபோட்டு ஒட்டிப் பல்கனியில் ஒரு பறவை செய்தாய். வடிவாகத்தான் செய்திருந்தாய். ஆனால் கோழித் தலையை நான் கறிக்குப் போடுவதில்லை, ஆகவே தலைக்கு வழியில்லை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்த காகத்தின் தலையைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டாய். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கு, "இது உலகத்தில ஒருத்தரும் காணாத பறவை, நான் கண்டுபிடிச்சது" என்று சொன்னாய். எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். நான் உன் காதைப் பிடித்து அவர்களுக்கு முன்னால் நிறுத்தினேன். "எது கோழி, எது காகம் எண்டு சொல்லு." நீ அப்பாவைப் பார்த்தாய். அவர், "விடுமப்பா, குழந்தைப் பிள்ளையின்ர விளையாட்டு" என்றார். நான் விடவில்லை. நீ விக்கி விக்கி, "இது கோழி, இது காகம்" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லி, உன் கையாலேயே தலையைப் பிடுங்கினாய். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை.

நான் அதற்காக இன்றுவரை வருந்தவில்லை. வருந்தியதாக எழுதினால் வாசிக்கிறவர்களுக்கு இதமாக இருக்கும், ஆனால் பொய் சொல்லி எனக்கு என்ன கிடைக்கப் போகிறது? அந்த ஒரு நாளைத் தவிர உன்னை ஆராய்ச்சிக்காரனாக்கியது வேறொன்றும் இல்லை என்று நினைத்து நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நீ அந்த நாளிலிருந்து படித்தது வேறு பாடம் போலிருக்கிறது. பொய் ஒட்டக்கூடாது என்பதைப் படிக்காமல், ஒட்டினால் யாரும் பிடுங்கச் சொல்லாத உயரத்துக்கு ஏறிவிடவேண்டும் என்று படித்திருக்கிறாய். உன் அப்பா இருந்திருந்தால் இதற்கும் "விடுமப்பா" என்பார். அவர் நல்லவர். நல்லவர்களை நம்பிப் பிள்ளை வளர்க்க முடியாது என்று அவருக்கு முகத்துக்கு நேரே சொன்னவள் நான்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அந்தக் குரல் செய்தியில் நீ கடைசியில் அழுதாய். "உங்கட பேர் போகப்போகுது அம்மா, நான் வைச்ச பேர், என்னால தாங்கேலாமல் கிடக்கு" என்று குரல் உடைந்தது. உன் பதவிக்காக மட்டும் அழவில்லை, எனக்காகவும் அழுதாய். அது எனக்கு விளங்கியது. அதனால்தான் இன்னும் கூடுதலாகக் கோபம் வந்தது. ஒரு பிள்ளையின் விசாவை உருவி எடுத்து அதை அம்மாவுக்குப் பட்டுச்சேலை மாதிரிப் போர்த்தலாம் என்று எப்படியடா நினைத்தாய்? நான் கேட்டேனா? அந்தப் பிள்ளையின் தாய் லீமாவிலோ எங்கேயோ விமான நிலையத்தில் பெட்டியோடு திரும்பி வருகிற மகளைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் இங்கே மல்லிகை மாலையோடு டீவிக்குப் பக்கத்தில் இருக்கவேணுமா? சீ!

இன்னொரு விஷயம். இதை நான் உனக்குத் தொலைபேசியில் சொல்லவில்லை, ஆகவே மற்றவர்களோடு சேர்ந்து நீயும் இங்கேதான் வாசிக்கிறாய். போன மாதம் எனக்கு மூச்சு வாங்கிக் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதயத்தில் ஒரு வால்வு தேய்ந்துபோய்விட்டது. இந்த வயதில் வெட்டித் திருத்தினால் மேசையிலேயே போகலாம், வெட்டாவிட்டால் வீட்டில் போகலாம். டொக்டர் சின்னப் பெடியன், சிங்களப் பிள்ளை, என் கையைப் பிடித்துக்கொண்டு "பய வென்ட எப்பா அம்மே" என்றான், பயப்படவேண்டாமாம். "மல்லி, எனக்குப் பயமில்லை, எவ்வளவு காலம் என்று மட்டும் சொல்" என்று சிங்களத்திலேயே கேட்டேன், மல்லி என்றால் தம்பி. ஒரு வருடம் இருக்குமா என்றேன். அவன் என் கையை விட்டுவிட்டு அறிக்கையைப் பார்த்தான். சாட்சிக்கூண்டில் எத்தனை பேர் அப்படிக் குனிந்து கடதாசியைப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். நீ லூசியாவிடம் பறிக்கப் பார்க்கிற அந்த ஒரு வருடம் என்னிடமே இல்லை, தம்பி. அந்த மியூசியம் திறந்து, வாசலில் என் பெயர் எழுதின பலகை ஏறுகிறபோது, பார்க்க நான் இருப்பேன் என்று யாரும் கைச்சாத்து வைத்துத் தரமாட்டார்கள்.

உடனே டிக்கெட் போட ஓடாதே. வாசித்து முடி.

உன் குரல் செய்தி என் போனில் இருக்கிறது. நான் சட்டத்தரணி, ஒன்றையும் அழிப்பதில்லை. அதை ஆங்கிலத்தில் மாற்றி லூசியாவின் பல்கலைக்கழக விலாசத்துக்கு அனுப்ப எனக்கு ஒரு மணித்தியாலம் போதும். விலாசமும் எடுத்துவிட்டேன். விரல் அந்தப் பொத்தான் வரைக்கும் போனது. அனுப்பவில்லை. பாசம் என்று நினைத்துவிடாதே. நான் அனுப்பினால் நீ பிடிபட்டவன் ஆவாய், அவ்வளவுதான். பிடிபட்டவர்களை நான் வாழ்க்கையில் நிறையப் பார்த்துவிட்டேன், ஒருவனும் திருந்தினது கிடையாது. இன்னும் கவனமாகச் செய்யப் பழகினார்கள். எனக்கு நீ பிடிபடத் தேவையில்லை. காகத் தலையை உன் கையாலேயே பிடுங்கவேண்டும். நான் காதைப் பிடிக்காமல், ஒருவரும் பார்க்காமல்.

ஆகவே செய்யவேண்டியது இது. அவளுடைய ஆய்வில் இந்தக் கிழமையே கையெழுத்து வை. "இன்னும் ரெண்டு எலும்பு" என்ற கதையைத் தொண்டைக்குள்ளேயே விழுங்கு. அந்தப் பெயர் விழுகிறது என்று உலகத்துக்குச் சொல்கிற கட்டுரையில் அவள் பெயர் முதலில் இருக்கட்டும், அதற்குக் கீழே உன்னுடையது இருக்கட்டும். நான் வைத்த பெயரை நானே எடுக்கிறேன், இது வளர்ந்தது இல்லை, குஞ்சு, என் பிழை என்று உன் வாயால் எழுது. மியூசியத்துக்கும் நீயே சொல்லு, பலகையை மாற்றச் சொல்லி. புரமோஷன் போனால் போகட்டும். மீன் வெட்டத் தெரிந்தவன் பட்டினி கிடக்கமாட்டான்.

நீ செய்யவில்லை என்றால் எனக்குக் கொள்ளி வைக்க வராதே. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. மாமாவிடம் சொல்லியாயிற்று. மனுஷன், "என்ன கோதாரிக் கதையக்கா இது, ஒரே பெடியன், அவனில்லாமல் ஆர் வைக்கிறது?" என்று தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டான். கனத்தைத் தகன மண்டபத்தில் பொத்தானை அமுக்குகிற மனுஷன் யாரோ அவரே போதும் என்று சொன்னேன். அவருக்கு நான் யார் என்றே தெரியாது, தன்னுடைய வேலையை ஒழுங்காகச் செய்வார். பெற்ற மகன் என்ற ஒரே காரணத்துக்காக, வேலையை ஒழுங்காகச் செய்யாதவன் கையால் நான் எரியமாட்டேன். நீ பறந்து வந்து மண்டப வாசலில் வேட்டியோடு நின்றாலும் உன்னை உள்ளே விடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மாமா அழுதழுது ஓம் என்றிருக்கிறான். அவன் என் சொல்லை மீறமாட்டான் என்று உனக்கே தெரியும்.

செய்தால் வா. முதலில் அந்தப் பெயருக்குக் கொள்ளி வை, பிறகு எனக்கு வைக்கலாம். ஒன்றைச் செய்யத் துணியாதவனுக்கு மற்றது எதற்கு?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எழும்பிப்போய் அந்த மண்டையோட்டு அச்சைக் கழுவினேன். மாமா வைத்த சந்தனம் காய்ந்து கண்குழிக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது, பழைய பல் தூரிகையால் தேய்த்து எடுத்தேன். பொட்டில்லாமல் அதைப் பார்க்க உண்மையிலேயே குஞ்சு மாதிரித்தான் இருக்கிறது. கண் மட்டும் முகம் முழுக்க. நீ பிறந்தபோது நீயும் அப்படித்தான் இருந்தாய். அதைப் போய்க் கிழவி ஒருத்தியின் பெயரில் எழுதிவிட்டாயே, பாவம். அதற்குரிய தாயின் பெயரை அதற்குக் கொடுத்துவிடு.

என் பெயர் போய்விடும் என்று அழுதாயல்லவா? பேசத் தொடங்கின வயதில், பல்கூட ஒழுங்காக முளைக்காத வாயால் நீ எனக்கு ஒரு பெயர் வைத்தாய். லத்தீன் எழுத்தெல்லாம் அதில் இல்லை. முந்திப் பதிந்தது அதுதான், நிற்கவேண்டியதும் அதுதான். அந்தப் பெயரையும் நான் வேண்டாம் என்று சொல்லும்படி வைத்துவிடாதே.

அம்மா